எடுக்கப்படாத இசிஜி

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது தாடிக்கொம்பு. குடகனாற்றங்கரைப் பேரூராட்சி. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்த ஊர். இங்கே இரு காதும் கேளாத குழந்தை ஒன்று பிறந்தால், அதற்கு என்னென்ன பரிசோதனைகள் நடக்கும் என்பது இன்று ஏறத்தாழ வகுக்கப்பட்டுவிட்டது.

முதலில் வீட்டில் சந்தேகம் வரும். பின்னால் நின்று கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை. குக்கர் விசில் அடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை வர வேண்டும். அந்தக் குழு தேடும் முப்பது குறைபாடுகளில் பிறவிக் காது கேளாமையும் ஒன்று. சந்தேகம் உறுதியானால் குழந்தை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படும். அங்கே காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் ஒலியைப் பதிவு செய்வார்கள். அடுத்தது பெரா: தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்னலைகளைப் பதியும் சோதனை. அதன்பின் செவித்துணைக் கருவி. அது போதாவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஒலியை மின்துடிப்பாக மாற்றி நேரே செவி நரம்புக்குத் தரும் கருவியை அறுவை செய்து பொருத்துதல். பல லட்சம் ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. பிறகு பேச்சுப் பயிற்சி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பள்ளி.

இந்த வரிசை நல்ல வரிசை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதில் பாதிகூட இல்லை. ஆனால் இதன் எந்தப் படியிலும், குழந்தையின் மார்பில் மின்முனை ஒட்டி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இசிஜி கட்டாயமாக்கப்படவில்லை.

அது ஏன் தேவை என்பது 1856 முதல் மருத்துவ ஏடுகளில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைஸ்னர் என்ற மருத்துவர் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார். காது கேளாத சிறுமி ஒருத்தி ஒரு சிறு குற்றத்துக்காகப் பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டாள். அந்த இடத்திலேயே விழுந்து இறந்தாள். செய்தி சொல்லப் போனவர்களிடம் பெற்றோர் வியப்புக் காட்டவில்லை. அவர்கள் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை இப்படித் திடீரென இழந்திருந்தார்கள். ஒரு மரணம் பயத்துக்குப் பின், மற்றொன்று கோபத்துக்குப் பின்.

நூற்றியோரு ஆண்டுகள் கழித்து, 1957இல், நார்வே மருத்துவர்கள் ஆன்டன் ஜெர்வெல்லும் ஃப்ரெட் லாங்கே-நீல்சனும் ஒரே குடும்பத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள். நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். மூவர் திடீரென இறந்தார்கள்: 4 வயதில், 5 வயதில், 9 வயதில். மற்றப்படி அவர்கள் ஆரோக்கியமான குழந்தைகள். அவர்களின் இசிஜியில் மட்டும் ஒரு வேறுபாடு இருந்தது. இதயம் ஒருமுறை துடித்தபின் அடுத்த துடிப்புக்கு மின்னளவில் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது க்யூடி இடைவெளி, மிக நீண்டிருந்தது.

இதற்கு இன்று ஜெர்வெல்–லாங்கே-நீல்சன் நோய்த்தொகுப்பு என்று பெயர். இனி இதை நோய்த்தொகுப்பு என்றே குறிப்போம்.

காதுக்கும் இதயத்துக்கும் இடையிலான தொடர்பு 1997இல் தெளிவானது. இரண்டு உறுப்புகளும் ஒரே புரதத்தைப் பயன்படுத்துகின்றன. செல்லின் சவ்வில் அமர்ந்து பொட்டாசியத்தைக் கடத்தும் வாயில் அது. அதைக் கட்டும் மரபணுக்கள் இரண்டு: கேசிஎன்க்யூ1, கேசிஎன்இ1. பத்து நோயாளிகளில் ஒன்பது பேருக்குப் பழுது முதலாவதில் இருக்கிறது.

உள்காதில் நத்தை வடிவிலான காக்ளியாவின் நடுக்குழாயில் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருக்கும் பொட்டாசியம், இந்தத் திரவத்தில் 150 அளவில் இருக்கும். குழாயின் பக்கச் சுவரில் உள்ள செல்கள் மேற்சொன்ன வாயில் வழியாக அதை இடைவிடாமல் சுரக்கின்றன. ஒலி வந்து மயிர்செல்களை அசைக்கும்போது பொட்டாசியம் அவற்றுக்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் நரம்புக்குச் செய்தியாகிறது. வாயில் இல்லையென்றால் சுரப்பு இல்லை. சுரப்பு இல்லையென்றால் குழாய் சுருங்கிச் சவ்வு படிந்துவிடும். குழந்தை பிறக்கும்போதே இரு காதும் ஆழமாகக் கேளாமல் இருக்கும்.

இதயத்தில் இதே வாயில் வேறொரு வேலை செய்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கீழறைத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பொட்டாசியம் செல்லை விட்டு வெளியேற வேண்டும். ஓய்வில் இருக்கும்போது வேறு வாயில்கள் இதைச் சமாளித்துவிடுகின்றன. ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் ஏறி இதயத் துடிப்பு வேகமாகிறது. அப்போது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் குறைகிறது. திரும்பும் நேரமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். அதைக் குறைப்பது இந்த வாயிலின் பொறுப்பு. இந்தக் குழந்தைகளிடம் அது இல்லை. எனவே முந்தைய துடிப்பு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்து விழுகிறது. கீழறைகள் நிமிடத்துக்கு 200க்கு மேல், ஒழுங்கற்று, முறுக்கிக்கொண்டு துடிக்கத் தொடங்குகின்றன. இரத்தம் வெளியேறுவதில்லை. சில விநாடிகளில் குழந்தை விழுகிறது.

பெரும்பாலும் இந்தத் துடிப்பு அரை நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். குழந்தை கண் திறக்கும். எழுந்து உட்காரும். தானாக நிற்காதபோது அது வெறும் நடுக்கமாக மாறும். அதன்பின் நான்கிலிருந்து ஆறு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. மின்னதிர்ச்சி தரும் கருவி வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலிச் சாலையில் போனாலும் பத்து நிமிடமாவது ஆகும்.

2006இல் இந்த நோய்த்தொகுப்பு உள்ள 186 பேரின் வரலாறு பல நாடுகளிலிருந்து திரட்டி வெளியிடப்பட்டது. அவர்களில் 86 சதவீதம் பேருக்கு மயக்கமோ இதயநிறுத்தமோ வந்திருந்தது. பாதிப் பேருக்கு மூன்று வயதுக்குள்ளேயே. நிகழ்வுகளில் 95 சதவீதம் உணர்ச்சிவசப்பட்டபோதோ உடலை வருத்தியபோதோ நிகழ்ந்தவை. சிகிச்சை பெறாத குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் 15 வயதைத் தாண்டுவதில்லை என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணிப்பு.

இது அரிய நோய். காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே இருக்கும். இந்தியாவில் மரபுவழிக் காது கேளாமைக்கு மிகப் பொதுவான காரணம் ஜிஜேபி2 என்ற வேறொரு மரபணு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தினர் 2003இல் 215 பேரிடம் செய்த ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதுவே காரணம் என்று தெரிந்தது. அந்தப் பழுது இதயத்தைத் தொடுவதில்லை. ஆகவே பெரும்பாலான பெற்றோர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எடுக்கும் இசிஜி இயல்பாகவே இருக்கும்.

ஆனால் அரிய நோய் என்பது எல்லா ஊரிலும் ஒரே அளவில் அரிதல்ல. நார்வேயில் இது குறைந்தது இரண்டு லட்சம் பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது வெளிப்பட, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான நகல் வர வேண்டும். இரண்டு லட்சத்தில் ஒருவருக்கு நோய் என்றால், ஒற்றை நகலைச் சுமப்பவர் ஏறத்தாழ 220 பேரில் ஒருவர். சொந்தத்துக்கு வெளியே மணம் நடக்கும் ஊரில் சுமப்பவர் இருவர் ஒருவரையொருவர் மணப்பது தற்செயல். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்தால் அது வெறும் தற்செயலாக இருப்பதில்லை.

கணக்கு இதுதான். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவர்களின் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு நகல்களும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. அக்காள் மகளை மணந்தவர்களின் குழந்தைக்கு 8இல் ஒன்று. நார்வேயின் அளவை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், சொந்தமில்லாத தம்பதியரிடம் 2,00,000க்கு ஒன்றாக இருக்கும் நோய், மாமன் மகள் மணத்தில் ஏறத்தாழ 7,000க்கு ஒன்றாகிறது. அக்காள் மகள் மணத்தில் 3,500க்கு ஒன்றாகிறது. இங்குள்ள சுமப்பவர் விகிதம் நார்வேயைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். சொந்த மணத்தில் நோய் பெருகும் என்பது மாறாது.

1992–93இன் முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் நடந்த திருமணங்களில் ஏறத்தாழப் பாதி சொந்தத்துக்குள் நடந்தவை. 2019–21இன் ஐந்தாவது கணக்கெடுப்பில் அது 28 சதவீதம். இந்திய அளவில் அது 11 சதவீதம். இவ்வளவு குறைந்த பின்னும், மாநிலங்களில் தமிழகமே முன்னணியில் நிற்கிறது. அந்த 28இல் பாதியை மட்டும் நெருங்கிய சொந்தமாகக் கொண்டு, ஆண்டுக்கு எட்டரை லட்சம் பிறப்புகளுக்கு மேற்படி கணக்கைப் போட்டால், தமிழகத்தில் ஆண்டுக்கு இருபது குழந்தைகள் இந்த நோய்த்தொகுப்புடன் பிறக்க வேண்டும். சொந்தத்தில் யாரும் மணக்கவில்லை என்று வைத்தால் நான்கு.

சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றம் சொல்வதற்கான கணக்கல்ல இது. நிலமும் நம்பிக்கையும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று தலைமுறைகளாக எடுத்த முடிவு அது. அதை எடுத்தவர்களிடம் மரபணு அறிவு இல்லை. தமிழகக் குடும்பங்களின் இந்த இயல்பு ஆராய்ச்சிக்கு உதவியும் இருக்கிறது. 1990களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மரபியல் துறையினர் இங்குள்ள சொந்தத்தில் மணந்த குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, காது கேளாமைக்கான புதிய மரபணு இருப்பிடங்களை அவர்கள் உலகுக்கு அடையாளம் காட்டினார்கள். அறிவு இங்கிருந்தும் போயிருக்கிறது. அங்கன்வாடிப் படிவத்துக்கு அது திரும்பி வரவில்லை.

ஆண்டுக்கு இருபது என்றால், அந்தப் பிள்ளைகள் எங்கே?

அவர்களில் பலர் வலிப்பு நோயாளிகளாகப் பதிவாகியிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. மற்ற நாடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. மூளைக்கு இரத்தம் நின்ற சில விநாடிகளில் கை கால் வெட்டும். கண் மேலே செருகும். பார்ப்பவர் சொல்லும் சொல் வலிப்பு என்பதுதான். கையில் சாவிக்கொத்து கொடுப்பார்கள். கொடுத்த நேரத்தில் இதயம் தானாகவே சீராகும், குழந்தை எழும், சாவி வேலை செய்ததாகத் தோன்றும். சில வீடுகளில் இது பயந்த கோளாறு. மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். மருத்துவரிடம் போனால் மூளையின் மின்னலைப் பதிவு எடுக்கப்படும். அது இயல்பாக இருக்கும். மூளை அலைகள் இயல்பாக இருந்தும் வலிப்பு வருவது உண்டு என்பதால் மாத்திரை தொடங்கப்படும். வலிப்பு மாத்திரை இந்தக் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அடுத்த மயக்கம் வரும்போது மாத்திரையின் அளவு கூட்டப்படும்.

வேறுபடுத்தும் தடயங்கள் உண்டு. வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரும், தூக்கத்திலும் வரும். இந்த மயக்கம் ஓடும்போது வரும், அடிக்கப் போகும்போது வரும், அழும்போது வரும், தண்ணீரில் குதித்தவுடன் வரும். வலிப்புக்குப் பின் குழந்தை குழம்பியிருக்கும், நெடுநேரம் உறங்கும். இந்த மயக்கத்துக்குப் பின் சில நிமிடங்களில் விளையாடப் போய்விடும். விழும்போது முகம் வெளுத்திருக்கும். இவை உறுதியான விதிகள் அல்ல. ஆனால் விழுவதற்கு முன் என்ன நடந்தது என்ற ஒரு கேள்வி நோயாளர் சீட்டில் எழுதப்பட்டாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். காது கேட்கும் குழந்தையாக இருந்தால் நெஞ்சு படபடத்ததைச் சொல்லும். இந்தக் குழந்தையால் சொல்ல முடியாது. அது கையசைத்துச் சொல்வதைப் புரிந்துகொள்பவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேசிஎன்க்யூ1 பழுதில் நீச்சல் மிகத் தெளிவாகப் பதிவான தூண்டுகோல். குளிர்ந்த நீர், திடீர் முயற்சி, பயம் மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. திண்டுக்கல் சமவெளி கிணற்றுப் பாசன நாடு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது தோட்டத்துக் கிணற்றில். கிணற்றில் இதயம் தடுமாறி நினைவிழந்த பிள்ளை மூழ்கியே இறக்கும். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் தண்ணீர் இருக்கும். இதயம் பார்வைக்கும் நுண்ணோக்கிக்கும் முழுக்க இயல்பாக இருக்கும், ஏனென்றால் பழுது தசையில் இல்லை, மின்னோட்டத்தில் இருக்கிறது. மின்னோட்டம் பிணத்தில் இல்லை. காது கேளாத பிள்ளை, கரையிலிருந்து கூப்பிட்டது கேட்டிருக்காது என்று ஊர் முடிவு செய்யும். அந்த முடிவில் ஒரு தர்க்கம் இருப்பதால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

உயிரோடு இருக்கும்போதும் வழக்கமான பரிசோதனைகள் எதையும் காட்டுவதில்லை. ஆர்.பி.எஸ்.கே. குழு பிறவி இதயக் கோளாறையும் தேடுகிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள். முணுமுணுப்புச் சத்தம் இருக்காது, ஏனென்றால் ஓட்டையோ அடைப்போ இல்லை. எக்கோ எடுத்தாலும் வால்வுகளும் அறைகளும் சரியாகவே இருக்கும். எக்கோ நார்மல் என்று எழுதிய தாள் பெற்றோர் கையில் இருக்கும். அந்தத் தாள் இந்த நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை யாராவது அவர்களுக்கு விளக்க வேண்டும்.

பிறகு மருந்துகள். க்யூடி இடைவெளியை மேலும் நீட்டும் மருந்துகளின் பட்டியல் நீளமானது. அதில் சில, எந்த மருந்துக் கடையிலும் குழந்தைகளுக்கு அன்றாடம் தரப்படுபவை: வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், சளிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் தரும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், மலேரியாவுக்கான குளோரோகுயின். இயல்பான இதயத்துக்கு இவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இந்தக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அதுவே க்யூடியை நீட்டும். அதன் மேல் வாந்தி நிற்க ஆன்டன்செட்ரான். காய்ச்சலில் துடிப்பும் வேகமாக இருக்கும். மூன்றும் ஒரே இரவில் சேரும்.

இன்னொரு சிறு தடயம். கேசிஎன்க்யூ1 கட்டும் புரதம் இரைப்பையில் அமிலம் சுரக்கவும் வேண்டும். அமிலம் குறைந்தால் உணவிலுள்ள இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இந்த நோய்த்தொகுப்பு உள்ள பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இரத்தசோகை இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இரத்தசோகை உள்ள குழந்தைக்குப் பூச்சி மருந்தும் இரும்புச் சிரப்பும் கொடுப்பார்கள். அது சரியான சிகிச்சைதான். ஆனால் காது கேளாமை, விளக்கமில்லாத மயக்கம், விடாத சோகை ஆகிய மூன்றும் ஒரே குழந்தையிடம் இருந்தால், மூன்று சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் இந்தக் குழந்தைகளுக்கு நன்றாகவே பலன் தரும். கெட்டிருப்பது திரவச் சுரப்பு. செவி நரம்பு நன்றாக இருக்கிறது. கருவி கெட்ட பகுதியைத் தாண்டி நரம்பைத் தொடுகிறது. ஆனால் அறுவைக்கு முன் நோய் தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்துகளில் சில க்யூடியை நீட்டுபவை. அறுவை அரங்கில் இதயம் தடுமாறிய பின்னரே நோய் கண்டறியப்பட்ட குழந்தைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பொருத்திய கருவியை முதன்முதலில் இயக்கும் நாளும் அப்படித்தான்: பிறந்ததிலிருந்து எதையும் கேட்காத குழந்தை முதல் ஒலியில் திடுக்கிட்டு அழும். நோய் தெரிந்தால் அந்த நேரத்தில் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, ஒலியை மெல்லமெல்லக் கூட்டுவார்கள்.

பெரிய மையங்களில் அறுவைக்கு முன் இசிஜி எடுப்பது வழக்கம். அதனால் இம்ப்ளான்ட் வரை போகும் குழந்தைக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. போகாத குழந்தைக்கு அதுவும் இல்லை. வயது கடந்து கண்டறியப்பட்டவர்கள், பெற்றோர் அறுவைக்கு அஞ்சியவர்கள், செவித்துணைக் கருவியோடு நின்றவர்கள், நேரே சிறப்புப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள். இவர்கள் எண்ணிக்கையில் அதிகம். மாற்றுத்திறனாளி அட்டைக்குக் காது எத்தனை டெசிபல் கேட்கிறது என்று அளந்து சதவீதம் போடுகிறார்கள். சதவீதம் போட இசிஜி தேவையில்லை என்பதால் அது கேட்கப்படுவதில்லை.

இசிஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும். தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய். அரசு மருத்துவமனையில் இலவசம். வலி இல்லை, ஊசி இல்லை. அழாத குழந்தை வேண்டும், அவ்வளவுதான், தூங்கும்போது எடுக்கலாம். ஆனால் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. இசிஜி தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சிறு கட்டம் 40 மில்லிவிநாடி. க்யூடி பத்துக் கட்டம் இருந்தால் 400 மில்லிவிநாடி. இது இயல்பாகத் தோன்றும் எண். ஆனால் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 100 முறை துடிக்கிறது என்றால், இரு துடிப்புகளுக்கு இடையே 0.6 விநாடி. 1920இல் பாசெட் தந்த சூத்திரப்படி க்யூடியை அந்த 0.6இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 516. இயல்பின் மேல்வரம்பு 440 முதல் 460. பத்துக் கட்டம் என்று கண்ணால் பார்த்துவிட்டு நார்மல் என எழுதிய இசிஜியில் நோய் முழுமையாக இருக்கிறது. இந்த நோய்த்தொகுப்பில் 500க்கு மேல் இருப்பதே வழக்கம். 2006 ஆய்வின் சராசரி 557. இயந்திரம் தானாக அச்சிடும் எண் சில நேரம் தவறும். எனவே சீட்டில் பிறவிக் காது கேளாமை, திருத்திய க்யூடி தேவை என்று எழுதி அனுப்புவது, எடுப்பவர் அளவுகோலை வைத்து அளக்க உதவும்.

அளவு நீண்டிருந்தால் குழந்தையோடு நிற்கக் கூடாது. தாய், தந்தை, உடன்பிறந்த எல்லோருக்கும் இசிஜி எடுக்க வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. காது நன்றாகக் கேட்கும் உடன்பிறப்பு ஒற்றை நகலைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. ஒற்றை நகல் காதைக் கெடுக்காது. ஆனால் சிலரிடம் க்யூடியை நீட்டும். பெற்றோர் இருவருமே சுமப்பவர்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால் பெரியப்பா, அத்தை, மாமன் வீடுகளிலும் சுமப்பவர்கள் இருப்பார்கள். அந்த வீடுகளில் எப்போதோ ஒரு பிள்ளை ஓடும்போது விழுந்து இறந்ததாக, கிணற்றில் போனதாக ஒரு கதை இருக்கிறதா என்று கேட்பது மருத்துவ விசாரணையின் பகுதி.

சிகிச்சை உண்டு. முதன்மையானது பீட்டா தடுப்பி மருந்து, அதாவது அட்ரினலினின் விளைவை இதயத்தில் தணிக்கும் மாத்திரை. ப்ரோப்ரனலால் அவற்றில் பழையவற்றுள் ஒன்று, விலை மலிவு. ஆனால் இந்த நோய்த்தொகுப்பில் மாத்திரை மட்டும் போதுவதில்லை. 2006 ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 51 சதவீதத்துக்கு மீண்டும் நிகழ்வு வந்தது; 27 சதவீதத்துக்கு இதயநிறுத்தமோ திடீர் மரணமோ நேர்ந்தது. அதனால் ஆபத்து மிகுந்தவர்களுக்கு, இடப்புற இதய நரம்புகளைத் துண்டிக்கும் அறுவையோ, தேவைப்பட்டால் தானே மின்னதிர்ச்சி தரும் கருவியை மார்பில் பதிப்பதோ செய்யப்படுகிறது. போட்டி ஓட்டமும் தனியாக நீந்துவதும் நிறுத்தப்படும். பள்ளியில் ஆசிரியருக்கு நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளையை எல்லோர் முன்னும் வைத்துக் கண்டிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். இதே கேசிஎன்க்யூ1 பழுதின் ஒற்றை நகல் கொண்ட, பீட்டா தடுப்பி எடுத்த 216 பேரை நெடுநாள் தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் 12 பேருக்கு இதயம் நின்றது அல்லது மரணம் நேர்ந்தது. அந்த 12 பேரில் 8 பேர் அப்போது மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை. 2 பேர் க்யூடியை நீட்டும் வேறு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டும் செய்திருந்தார்.